கலந்து செய்யும் முடிவும் தொழிலாளர் மனநிறைவும்

ஒரு தொழிற்சாலையில் வேலை முறையை மாற்ற வேண்டிய அவசியம் நேரும்போது நிர்வாகஸ்தர் முதலில் கணக்கிடுவது இயந்திரத்தின் விலையையும், மின்சாரச் செலவையும், சரக்கு அனுப்ப வேண்டிய தேதியையும்தான். அந்த மாற்றத்தை நாள்தோறும் தம் கைகளால் நிறைவேற்ற வேண்டியவர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதோ, பெரும்பாலும், அறிவிப்புப் பலகையில் தாளை ஒட்டியதற்குப் பிறகே அவருக்குத் தெரிய வருகிறது. அப்போதும் அது வாய்மொழியாக வந்து சேர்வதில்லை. வேலையில் மந்தம், காரணம் சொல்லாத விடுப்பு, மேஸ்திரியோடு சச்சரவு, கடைசியில் கணக்கை முடித்துக்கொண்டு வேறிடம் தேடிப் போதல் ஆகிய வடிவங்களிலேயே வந்து சேர்கிறது. தம் வேலையைப் பாதிக்கும் முடிவுகளில் தொழிலாளருக்குப் பங்கு கொடுத்தால் அவர்களுடைய மனநிறைவு வளர்கிறதா, வளருமானால் எந்த நிபந்தனைகளோடு வளர்கிறது, அந்த நிபந்தனைகளை நடைமுறையில் எவ்வாறு காப்பது என்பவற்றை மேலாளர்களுக்கும் சிறுதொழில் முதலாளிகளுக்கும் பயன்படும்படி விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

ஹார்வுட் தொழிற்சாலையில் நடந்த பரீட்சை

இவ்விஷயத்தில் இன்றளவும் முதலில் படிக்கத்தக்கது, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மரியன் என்னும் ஊரில் இருந்த ஹார்வுட் பைஜாமாத் தொழிற்சாலையில் நடைபெற்ற பரீட்சையே ஆகும். லெஸ்டர் கோச், ஜான் பிரெஞ்சு என்னும் இருவர் அதன் விவரங்களை 1948-ல் வெளியிட்டார்கள். அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு நீண்டகாலக் கஷ்டம் இருந்தது. சந்தையின் போக்கை ஒட்டி வேலை முறை அடிக்கடி மாறும்; மாறும் போதெல்லாம், பழகிய கைகள் பழைய வேகத்துக்குத் திரும்பாமல் தயங்கும்; பலர் வேலையை விட்டே விலகுவர். துண்டுக் கூலி முறையில் இதனால் ஏற்படும் வருமானக் குறைவை ஈடு செய்யத் தனிப்படி ஒன்றை நிர்வாகம் கொடுத்தும் விலகல் நிற்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பணத்தைச் சேர்த்துக் கொடுத்தும் ஆறாத மனக்குறை எதுவோ அங்கே இருந்தது.

ஆராய்ச்சியாளர் தொழிலாளரைச் சில குழுக்களாகப் பிரித்துக்கொண்டார்கள். முதற்குழுவினர் துணிக்கு இஸ்திரி போடுபவர்கள். முடிந்த பைஜாமாக்களை அரை டஜன் அரை டஜனாக ஓர் அட்டையின்மேல் அடுக்கி வந்த அவர்கள், இனி அவற்றைப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும் என்பதே மாற்றம். அதற்காக டஜனுக்கு இரண்டு நிமிஷம் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. வழக்கம் போலவே கூட்டம் கூட்டி, விலைப் போட்டியின் காரணமாக இந்த மாற்றம் அவசியமாயிற்று என்று சொல்லி, புதிய கூலிக் கணக்கை விளக்கி, கேள்விகளுக்குப் பதில் கூறி, நிர்வாகம் தன் கடமை முடிந்ததாகக் கருதிற்று. இதில் பொய்யும் இல்லை, கடுமையும் இல்லை. நம் நாட்டு ஆலைகள் பலவற்றில் நடப்பதைவிட இது மரியாதையான முறை என்றுகூடச் சொல்லலாம். ஆயினும் முதல் நாற்பது நாட்களுக்குள் அந்தக் குழுவில் 17 சதவீதத்தினர் வேலையை விட்டனர். எஞ்சியவர்கள் மணிக்கு 60 அலகு என்ற பழைய அளவை எட்டவேயில்லை. மேற்பார்வையாளரோடு பிணக்கும் முறையீடும் மிகுந்தன.

இரண்டாம் குழுவினர் துணி மடிப்பவர்கள். இவர்களுடைய கூட்டத்தில், ஒரே மாதிரியான இரண்டு ஆடைகளைக் காட்டி, இவற்றுள் விலை குறைந்தது எது என்று கேட்டார்கள். 1946-ல் தைத்த ஆடை, 1947-ல் தைத்ததைப்போல் இரு மடங்கு விலைக்கு விற்றிருந்தது. எது எது என்று பார்த்துச் சொல்ல ஒருவராலும் இயலவில்லை. செலவைக் குறைத்தாலன்றித் தொழில் நிலைக்காது என்பதை இவ்வாறு அவர்கள் கண்முன்னே வைத்த பிறகு, புதிய முறையை வகுக்கவும் அளவிடவும் உதவுவதற்குத் தங்களுக்குள்ளேயே சிலரைப் பிரதிநிதிகளாகத் தேர்ந்துகொள்ளும்படி நிர்வாகம் கேட்டுக்கொண்டது. அக்குழு பதினான்கே நாட்களில் மணிக்கு 61 அலகை அடைந்தது; நாற்பது நாட்களில் ஒருவரும் விலகவில்லை. மூன்றாவது வகையான இரு சிறு குழுக்களில், ஆடையைப் பரிசோதிப்பவர்கள் அனைவருமே பிரதிநிதிகளாக இருந்து மாற்றத்தை வகுத்தனர். அவர்களுடைய கூட்டங்களில் யோசனைகள் பெருகி வந்த வேகத்தில், குறிப்பெடுக்க வைத்திருந்த சுருக்கெழுத்தாளர் அவற்றை எழுதித் தீர்க்க இயலாமல் திணறினார் என்று அறிக்கையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அக்குழுக்கள் மாற்றத்துக்கு முந்தைய அளவினும் ஏறக்குறைய 14 சதவீதம் மேலே சென்றன.

இஸ்திரிக் குழுவினர் இயல்பாகவே பிடிவாதக்காரர்களாக இருந்திருக்கலாமே என்று வாசகர் ஐயுறக்கூடும். அந்த ஐயத்துக்கும் அங்கே விடை உண்டு. இரண்டரை மாதங்களுக்குப் பிறகு, அக்குழுவில் எஞ்சியிருந்த 13 பேரை மீண்டும் ஒன்றுசேர்த்து, புதிய வேறொரு வேலையை அவர்கள் அனைவரையும் கலந்து வகுத்தபோது, அதே மனிதர்கள் சடுதியில் வேகம் பெற்றார்கள், மேற்பார்வையாளரோடு சண்டையில்லை, அடுத்த சில வாரங்களில் விலகினவரும் இல்லை. குறை மனிதரிடத்தில் இல்லை, முறையினிடத்தில் இருந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று வரிசையாக வேலை ஓடும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்சாலைக்கு இந்த வரலாறு அந்நியமானது அன்று. ஸ்டைல் மாறும்தோறும் ரேட் பேசுவதில் எழும் மனஸ்தாபத்தையும், மறுநாள் காலையில் ஆள் வராமற் போவதையும் அங்குள்ள சூப்பர்வைசர் ஒவ்வொருவரும் அறிவர். ஓவர்லாக்கில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும், பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கும் கைமடிக்கும், எந்த இடத்தில் துண்டு தேங்குகிறது, எந்த நூல் அறுகிறது, எந்த அளவில் கழுத்துப் பட்டி பிசகுகிறது என்பது மேலாளருக்குத் தெரிவதற்கு முன்பே தெரிந்திருக்கும். அந்த அறிவைக் கேட்காமல் விடுகிறவர் சரக்கில் நஷ்டமடைவதோடு, கேட்கப்படாதவர்களின் மனத்தையும் இழக்கிறார்.

எது கேட்டால் மனம் நிறையும்

ஆனால் எதைக் கேட்டாலும் போதும் என்று எண்ணிவிடலாகாது. ஹார்வுட் பரீட்சையை ஒட்டி நார்வே நாட்டின் காலணித் தொழிற்சாலை ஒன்றில் நடத்திய பரிசோதனையை, அதே பிரெஞ்சு, வேறு இருவருடன் சேர்ந்து 1960-ல் வெளியிட்டார். அங்கே உற்பத்தியில் குறிப்பிடத்தக்க மாறுதல் எதுவும் காணப்படவில்லை. எந்தக் குழுவுக்கு எந்தச் சரக்கு, வேலையை எப்படிப் பங்கிடுவது என்பன போன்றவை கேட்கப்பட்டனவே அல்லாமல், எவ்வளவு உற்பத்தி செய்வது என்பது அந்தக் கலந்தாலோசனைக்குள் வரவில்லை. மனப்பான்மையில் நன்மை தெரிந்ததும், தமக்கு நியாயமாக உரிய அளவு பங்கு கிடைத்தது என்று கருதியவர்களிடத்தில்தான். தொழிற்சங்கத்தின் வழியாகவே நிர்வாகத்தோடு பேசிப் பழகிய அந்நாட்டுத் தொழிலாளருக்கு இப்படி நேரே வந்து கேட்பது முறையானதாகவே தோன்றாமலும் இருந்திருக்கலாம். சிறியதைக் கேட்டுப் பெரியதை மறைத்தால் அது தொழிலாளிக்குத் தெரியாமற் போவதில்லை.

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றை அடுத்துச் சொல்லுகிறேன். நம் ஆலைகளில் இது நடவாது என்று கை விரிப்பவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். அகமதாபாத் காலிகோ மில்லில் தானியங்கித் தறிகளை நிறுவிய பிறகும் எதிர்பார்த்த பலன் விளையாமற்போகவே, 1953-ல் லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் அங்கு வந்து ஆராய்ந்தார். 224 தறிகள் உள்ள அந்தக் கூடத்தில் வேலை பன்னிரண்டு தனித்தனிப் பணிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது; நெய்பவருக்கு ஒரு தறி எண்ணிக்கை, பாபின் நிரப்புபவருக்கு வேறோர் எண்ணிக்கை, அறுந்த இழை சேர்ப்பவருக்கு மற்றோர் எண்ணிக்கை என்று அமைந்திருந்தமையால், எந்தத் தறிக்கு எவர் எவர் கூடிப் பொறுப்பு என்பது ஒருவருக்கும் விளங்காத நிலை. ஏழு பேர் கொண்ட ஒரு குழு 64 தறிகளை முழுமையாக ஏற்று நடத்தலாம் என்ற கருத்தை ரைஸ் வெளியிட்டதும், மேற்பார்வையாளரும் தொழிலாளரும் அதை ஆவலுடன் பற்றிக்கொண்டு, யார் யாரோடு சேர்வது என்பதைத் தாங்களே பேசி முடித்துப் பட்டியலோடு வந்து நின்றார்கள். பின்பு நெசவின் திறமை உயர்ந்தது, சேதம் குறைந்தது. அவர்களுக்கு விடப்பட்ட முடிவு, யாருடன் நின்று வேலை செய்வது, வேலையைத் தங்களுக்குள் எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்பது. எட்டு மணி நேர வாழ்க்கையின் சுகதுக்கம் பெரும்பாலும் அதிலேதான் அடங்கியிருக்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது நான் கொள்ளும் முடிவு இது: தொழிலாளியின் மனநிறைவு, கூட்டத்தில் உட்கார்த்தி வைப்பதால் வருவதன்று; தன் வேலையைத் தொடுகிற ஒரு முடிவு இன்னும் முடியாமல் இருக்கும்போதே தன்னிடம் வந்து, தான் சொன்ன சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதும் தனக்குத் தெரிவிக்கப்படும்போதே அது வருகிறது. முன்னமே முடிவு செய்ததைக் கேட்பதுபோலக் கேட்டு, பிறகு அதையே அறிவிக்கும் நிர்வாகம், கேளாமலே அறிவிக்கும் நிர்வாகத்தினும் அதிகத் தீங்கை விளைவிக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்துறையில் வெளிவந்த பல ஆராய்ச்சிகளை ஒன்றுதிரட்டி மில்லர், மாங்கே ஆகிய இருவர் 1986-ல் செய்த ஆய்வில், முடிவில் பங்கு கொள்வதால் உற்பத்தி, மனநிறைவு ஆகிய இரண்டும் உயர்ந்தாலும், மனநிறைவின்மேல் அதற்குள்ள சக்தியே சற்று மிகுதி என்று கண்டார்கள். ஆகவே, உற்பத்தி எத்தனை சதவீதம் ஏறும் என்பதை மட்டுமே எதிர்பார்த்து இக்காரியத்தில் இறங்குகிறவர், முதல் மாதக் கணக்கில் அது தெரியாவிட்டால் பாதியில் கைவிடுவார். தம் ஆலையில் பகலெல்லாம் உழைப்பவர்கள் மனம் கசந்து உழைக்கலாகாது என்பதையும் ஒரு பயனாகவே மதிக்கிறவர்தான் இதைத் தொடர்ந்து நடத்துவார்.

முடிவுகளை வகுத்துக்கொள்ளும் விதம்

முதல் வேலை, வரப்போகும் மூன்று மாதங்களில் செய்ய வேண்டிய முடிவுகளை மேலாளர் தாமே ஒரு தாளில் எழுதிக்கொள்வது. எழுதிய பின், ஒவ்வொன்றுக்கும் நேரே, இது முடிந்துவிட்டதா, ஆலோசனை கேட்டு நான் முடிக்க வேண்டியதா, குழுவிடமே விட்டுவிடத்தக்கதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். சட்டத்தினாலோ, வாங்குபவரின் நிபந்தனையினாலோ, முதலீட்டினாலோ முடிந்துவிட்டதை முடிந்துவிட்டது என்றே காரணத்துடன் சொல்வதில் வெட்கமில்லை. ஆலோசனை மட்டும் கேட்கிற இடத்தில், “உங்கள் அபிப்பிராயத்தைக் கேட்டு, வெள்ளிக்கிழமைக்குள் நான் முடிவு செய்து, காரணத்தையும் சொல்லுகிறேன்” என்று தொடக்கத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். ஷிப்டு முறையில் யார் எந்த வாரம், இயந்திரங்களின் வரிசை, கருவிகள் வைக்கும் இடம், புதியவருக்கு வேலை பழக்குவது, தேநீர் இடைவேளையைப் பிரித்து விடுவது போன்றவற்றில் எல்லையை மட்டும் வகுத்துக் கொடுத்து முடிவைக் குழுவிடமே விட்டுவிடலாம். விட்ட பிறகு, தமக்குப் பிடிக்காத முடிவு வந்தாலும், எல்லையைத் தாண்டாதவரை அதை மாற்றலாகாது.

முதற்கூட்டத்துக்கு எந்த விஷயத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது நுட்பமான காரியம். உண்மையில் தொல்லை தருகிறதும், ஒரு மாதத்துக்குள் செய்து முடிக்கக்கூடியதும், பணச்செலவு மேலாளர் அதிகாரத்துக்குள் அடங்குவதுமான ஒன்றையே எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டம் வேலை நேரத்துக்குள்ளேயே நடைபெற வேண்டும். துண்டுக் கூலிக்காரருக்கு அந்த நேரத்துக்கு அவர்களுடைய சராசரிக் கூலியைக் கொடுத்துவிட வேண்டும். தம் கூலியை இழந்து ஆலோசனை சொல்ல வருகிறவர் உலகத்தில் எங்கும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேற்பட்டால் பேசுவோர் இரண்டு மூன்று பேராகவும் மற்றவர்கள் கேட்போராகவும் ஆகிவிடுவதால், பெரிய பிரிவை இரண்டாக்கிக் கொள்வதே நலம். மேலாளர் முதலில் தம் அபிப்பிராயத்தைச் சொல்லலாகாது. விவரத்தைச் சொல்லலாம், ஹார்வுட்டில் காட்டிய அந்த இரண்டு ஆடைகளைப்போல, கண்ணால் காணக்கூடிய விவரமாக இருந்தால் மிகவும் உத்தமம். திரும்பி வந்த சரக்கின் குறைபட்ட துண்டை மேஜையின்மேல் வைப்பது, பத்துப் பக்க அறிக்கையை வாசிப்பதைவிடச் சீக்கிரம் பேச்சைத் திறக்கும். பெண்கள் பெரும்பான்மையாக உள்ள பிரிவுகளில், ஆண் சூப்பர்வைசர் முன்னிலையில் பேசாதவர்கள் தங்களுக்குள் பேசி எழுதித் தர அரைமணி நேரம் தனியே விடுவது அவசியம்.

யோசனைகளுக்குக் கொடுக்கும் பதிலைப் பற்றி நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நல்லெண்ணத்துடன் தொடங்கிய முயற்சிகள் பல கெட்டுப்போவது இங்கேதான். ஆலோசனைப் பெட்டிகள் நம் அலுவலக வாயில்களில் பூட்டுத் துருப்பிடித்துத் தொங்குவதற்குக் காரணம் மக்களிடம் ஆலோசனை இல்லாமை அன்று. போட்ட தாளுக்கு மறுமொழி வாராமையே. ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். யோசனை, சொன்ன தேதி, முடிவு, காரணம், நிறைவேற்றும் பொறுப்பாளர், நிறைவேறிய தேதி என்று பத்தி பிரித்து, அதைத் தொழிலாளர் எவரும் எடுத்துப் படிக்கக்கூடிய இடத்தில், படிக்கத் தெரிந்த மொழியில் வைக்க வேண்டும். வடமாநிலத் தொழிலாளர் உள்ள ஆலைகளில் இந்தியிலோ ஒடியாவிலோ கூட ஒரு பிரதி தேவைப்படும். ஏற்க முடியாத யோசனைக்கு எழுதும் காரணம், ஏற்றுக்கொண்டதற்கு எழுதுவதைவிட விரிவாக இருப்பது நன்று.

பணிக்குழுவும் தொழிற்சங்கமும்

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஸ்தாபனங்களில் பணிக்குழு அமைக்கும்படி அரசாங்கம் உத்தரவிடலாம் என்றும், அதில் தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை நிர்வாகத்தின் எண்ணிக்கைக்குக் குறையலாகாது என்றும் 1947-ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு கூறிற்று. 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அந்த ஏற்பாட்டைத் தொடர்ந்து வைத்துக்கொண்டு, 20 தொழிலாளரும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் குறைதீர்க்கும் குழுவையும் விதிக்கிறது. 1976-ல் 42-ஆவது திருத்தத்தின்மூலம் அரசியலமைப்பில் புகுந்த 43ஏ பிரிவு, நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கு பெறுவதற்கு வழி செய்யுமாறு அரசுக்கு நெறி வகுத்தது. அபாயகரமான தொழில்முறை உள்ள ஆலைகளில் இரு தரப்பாரும் சமமாக அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்பது, போபால் கொடுமைக்குப் பின் 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்ந்தது. தம் உயிரைப் பற்றிய முடிவில் தொழிலாளருக்கு இடமளிக்க அவ்வளவு பெரிய நாசம் நேர வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு வேகிறது.

பணிக்குழு என்பது நமக்குப் புதிதும் அன்று. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும், 1921-ல் பல மாதங்கள் நீடித்த பெரும் போராட்டம் நிகழ்ந்ததுமான பக்கிங்காம் கர்நாடிக் மில்லிலேயே, 1922-ல் நிர்வாகம் இத்தகைய குழு ஒன்றை அமைத்தது. சங்கத்தைத் தோற்கடித்த கையோடு அமைத்த குழு, சங்கத்துக்கு மாற்றாகவே அமைந்தது என்று தொழிலாளர் கருதியதில் வியப்பில்லை. இதற்கு நேர்மாறாக, ஜம்ஷெட்பூர் டாட்டா இரும்பு ஆலையில், பிரிவு மட்டத்திலிருந்து உயர் நிர்வாகம் வரை மூன்று படிகளாகக் கூட்டுக் குழுக்களை ஏற்படுத்தும் திட்டம், 1956-ல் அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்தே தோன்றியது. அதனால் வேரூன்றவும் செய்தது.

இங்கே மேலாளர் மறவாமல் மனத்திற் கொள்ள வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. நார்த் புரூக் சணல் ஆலை வழக்கில், வேலைச் சீரமைப்புத் திட்டத்துக்குப் பணிக்குழுவினர் சம்மதித்தபோதிலும், அந்தச் சம்மதம் தொழிலாளரைக் கட்டுப்படுத்தாது என்றும், பணிக்குழு சங்கத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள ஏற்பட்டதன்று என்றும் 1960-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கூலி, போனஸ், ஆட்குறைப்பு, வேலைப்பளு ஆகியவை சங்கத்தோடு பேசி முடிக்க வேண்டியவை. அவற்றைப் பணிக்குழுவின் கையெழுத்தால் நிறைவேற்ற முயல்வது சட்டத்துக்கும் ஒவ்வாது, நம்பிக்கையையும் அடியோடு அழிக்கும். ஆகவே பணிக்குழுவுக்குரிய விஷயங்களின் பட்டியலைச் சங்க நிர்வாகிகளோடு உட்கார்ந்து எழுதி, முதற்கூட்டத்துக்கு முன்பே இரு தரப்பாரும் ஒப்பமிட வேண்டும்.

சூப்பர்வைசர், மேஸ்திரி, போர்மேன் ஆகியோரை இடையில் நிற்க விட்டு மேலாளர் நேரே தொழிலாளரோடு பேசத் தொடங்கினால், தம் அதிகாரம் போயிற்று என்று அவர்கள் அஞ்சுவது இயற்கை. அஞ்சியவர் அந்த முயற்சி தானாக வாடும்படி செய்யும் உபாயங்கள் எத்தனையோ உண்டு. காலிகோவில் ரைஸ் முதலில் பேசியது உயர் நிர்வாகத்தோடும், பிறகு மேற்பார்வையாளரோடும், அதன் பின்னரே தொழிலாளரோடும் என்ற வரிசையைக் கவனிக்க வேண்டும். வேலைப் பங்கீட்டைக் குழுவிடம் விட்ட பிறகு சூப்பர்வைசர் செய்ய வேண்டியது என்ன என்பதை, அதாவது பொருளும் கருவியும் தவறாமல் வந்து சேரச் செய்தல், புதியவரைப் பழக்குதல், அடுத்த பிரிவோடு பேசித் தடையை நீக்குதல் ஆகியவற்றை, எழுத்தில் கொடுத்து, அவருடைய ஊதிய உயர்வையும் அதன்படியே மதிப்பிட வேண்டும்.

பலனை அளக்க ஆடம்பரமான கருவிகள் வேண்டா. ஹாஜர்ப் பதிவேட்டில் முன்னறிவிப்பின்றி நின்றவர் தொகை, மாதந்தோறும் விலகினவர் தொகை, அவர்களுள் புதிதாகச் சேர்ந்தவர் எத்தனை பேர் என்னும் மூன்றையும் தொடங்குவதற்கு முந்தைய ஆறு மாதத்துக்கும் பிந்தைய ஆறு மாதத்துக்கும் எடுத்து ஒப்பிட வேண்டும். பண்டிகை மாதங்களையும் பள்ளித் திறப்பையும் கழித்துப் பார்க்காவிட்டால் கணக்கு ஏமாற்றும். புதுமையின் உற்சாகம் முதற்சில வாரங்களில் எதையும் சிறப்பாகக் காட்டுமாதலால், ஆறு மாதத்துக்கு முன் எந்தத் தீர்மானத்துக்கும் வருதல் கூடாது. பெயர் எழுதாத சிறு தாளில், “உங்கள் வேலையைப் பற்றிய எந்த முடிவில் உங்களைக் கேட்டார்கள்? எதில் கேட்டிருக்க வேண்டும்?” என்ற இரண்டு கேள்விகளை ஆண்டுக்கு இருமுறை கேட்பது போதுமானது. கணக்கு முடித்துக்கொண்டு போகிறவரிடம், கடைசி நாளில், அவருடைய நேர் மேலதிகாரி அல்லாத ஒருவர் உட்கார்ந்து, அவர் சொன்ன யோசனை எதற்கேனும் பதில் வராமல் இருக்கிறதா என்று கேட்டு, நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போனது ஏதேனும் இருந்தால் அந்த வாரமே அதற்குப் பதில் எழுதி வைக்க வேண்டும். அவர் போய்விட்டாலும், அந்த யோசனையைக் கேட்டிருந்த மற்றவர்கள் அங்கேயே வேலை செய்கிறார்கள்.